அரைக் கட்டை

17 ஜூன் 2025, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மூன்று நாள். நைனா நேற்றே கடலுக்குப் போய் வந்தார். வலையில் ஒன்றுமில்லை, வாயில் மட்டும் நிறைய வசவு. எனக்குக் கேசவன் அண்ணனின் சவுண்ட் சர்வீஸ் குடோனில் வழக்கமான வேலை: போன் எடுப்பது, எந்த வீட்டு விசேஷத்துக்கு எத்தனை ஸ்பீக்கர் பாக்ஸ் என்று எழுதுவது, வராத டிரைவரைத் திட்டுவது. மூன்றாவதை நன்றாகச் செய்கிறேன் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார்.

மதியம் சிவகுமார் கூப்பிட்டான். திருப்பாலைவனத்தில் நெல் போடுகிற குடும்பம் அவனுடையது. பொன்னேரி காலேஜில் என் பக்கத்து பெஞ்சில் தூங்கினவன், பிறகு இதே குடோனில் என்னோடு பழைய பிளேயரைத் தட்டித் தட்டி டிஜே கற்றுக்கொண்டவன். இரண்டு வருஷமாக மெட்ராசில் இருக்கிறான். கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் சனி, ஞாயிறு சாயங்காலம் பாட்டுப் போடுகிறான்.

"இன்னொரு ஆள் வேணுமாம் பெனி. ரெண்டு பேர் மாத்தி மாத்திப் போடணும். உன் பேரச் சொல்லிட்டேன். ஜூலை இருபது, ஞாயித்துக்கெழம, நாலுலேர்ந்து ஆறு. மேனேஜர் நின்னு கேப்பாரு. நல்லா இருந்தா வாரா வாரம் நீயும் நானும்."

நான் காலண்டரில் அந்தத் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன். "இன்னா, லைன்ல கீறியா?" என்றான். கீறேன்டா கீறேன் என்றேன்.

எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, இப்போதுதான் ஒருவர் என் பெயரை ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்.

18 ஜூன், புதன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷம், 612 பாட்டு. எல்லாம் ஹவுஸ் என்கிற கிளப் ஆட்டப் பாட்டு. நிமிஷத்துக்கு நூற்றிருபது அடிக்கு மேல், ஒரே சீராக. அம்மா அதற்கு வைத்த பெயர் 'பாட்டே இல்லாத பாட்டு'. பழவேற்காட்டில் எந்த ரிசப்ஷனிலும் அதைக் கேட்பார் இல்லை. குடோனில் பாக்ஸ்களுக்கு மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே இரண்டே விஷயம். வேகம், ஸ்கேல் என்கிற சுருதி.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்று 122, இன்னொன்று 124 என்றால் பிளேயரில் குமிழைத் தள்ளி இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். கால் ஆடும். ஆனால் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு வந்து உட்கார்ந்ததே தெரியக்கூடாது என்றால் ஸ்கேல் பொருந்த வேண்டும். ஏ மைனருக்கு ஏ மைனர். இல்லையென்றால் அதன் சொந்தக்காரர்கள், ஈ மைனரோ டி மைனரோ. அதைவிட்டு பி ஃப்ளாட் மைனரைக் கொண்டுவந்து வைத்தால் தொலைந்தது. கீபோர்டில் பார்த்தால் பி ஃப்ளாட் ஏ-வை ஒட்டிக்கொண்டு இருக்கும், அரைக் கட்டைதான் தூரம். அந்த அரைக் கட்டைதான் இருப்பதிலேயே கொடுமை. பக்கத்து வீட்டுக்காரனோடுதான் சண்டை என்பது மாதிரி.

லேப்டாப் இருக்கிறவர்களுக்கு லேப்டாப்பே ஸ்கேலைச் சொல்லிவிடும். எனக்குக் கோவில் கீபோர்டு. பதினோரு வருஷமாக ஞாயிறு பூசைக்கு நான்தான் வாசிக்கிறேன், கோவில் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. வார நாளில் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதுக்குக் கீபோர்டு. உப்புக்காற்று அதன் ஸ்கிரீனைத் தின்றுவிட்டது. கட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. மாதா சுரூபத்துக்கு எதிரே உட்கார்ந்து கிளப் பாட்டுக்கு ஸ்கேல் பார்க்கிறேன் என்று தெரிந்தால் ஃபாதர் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. சிவகுமாரிடம்கூட 'காதாலயே புடிக்கிறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பயத்தால் மட்டும் இல்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.

24 ஜூன், செவ்வாய்

சிவகுமார் தன்னிடம் இருக்கிற நாற்பது பாட்டின் பட்டியலை அனுப்பினான். பெயர், வேகம், ஸ்கேல். பாட்டை அனுப்புடா என்றால், "அதெல்லாம் எங்க பசங்க பண்ணது, இன்னும் வெளிய வுடல. அங்க வந்து கேளு. ஸ்கேல் இருக்குதுல்ல, உன் நோட்ட வச்சுப் பொருத்திக்கோ" என்றான்.

சரி. அவன் ஏ மைனர் போட்டால் நான் ஏ மைனர். அவன் அங்கிருந்து ஈ மைனர் போனால் நானும் பின்னாலேயே. கணக்கு மாதிரிதான். கணக்கில் நான் தோற்றதில்லை.

29 ஜூன், ஞாயிறு

பூசை தொடங்கும் வருகைப் பாட்டைப் பிலோமினா அக்கா எடுத்துக் கொடுத்தபோது பின்னால் யாரோ விசும்பினார்கள். சத்துணவுக் கூடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கை, ஞாயிறானால் மைக்கைப் பிடிக்கும். முதல் வரியை அவர்தான் எடுத்துக் கொடுப்பார், பிறகுதான் ஊர் பாடும். வேறு யார் எடுத்தாலும் ஊர் ஒரு நொடி தயங்கும். அவருக்கு வேறு நகை நட்டு ஒன்றும் இல்லை, இது ஒன்றுதான். கடைசியில் என் தலையில் சிலுவை போட்டு, "எங்கியோ போற மாதிரி மூஞ்சி மினுமினுங்குதே, இன்னாமே சமாச்சாரம்?" என்றார். ஒண்ணும் இல்லக்கா என்றேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் நடக்காவிட்டால்? நடந்த பிறகு சொல்லலாம்.

6 ஜூலை, ஞாயிறு

திட்டம் முடிந்தது. இரண்டு மணி நேரம், முப்பது பாட்டு, 120-இல் ஆரம்பித்து 126-இல் முடிப்போம். எந்த இடத்தில் அவன் விடுவான், எந்த இடத்தில் நான் எடுப்பேன், ஸ்கேல் எங்கே மாறும், எல்லாம் மூன்று தாளில். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாது, பஸ் டைமா?" என்றாள்.

13 ஜூலை, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம். மூன்று தாளையும் மறுபடி சுத்தமாக எழுதினேன்.

19 ஜூலை, சனி

நைனாவிடம் சொன்னேன். "பாட்டு போடறதுக்குப் பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் கூப்புடறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலையை மடித்துக்கொண்டே, "அப்போ நல்லாத்தான் போடுவ போல" என்றார். அவர் வாயில் இருந்து இதுவரை வந்ததில் இதுதான் பெரிய பாராட்டு.

21 ஜூலை, திங்கள்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேற்று காலை பூசை முடித்து, பொன்னேரி பஸ் பிடித்து, மூன்று வண்டி மாறி, இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நீச்சல் குளம், குடைகள், சின்னப் பிள்ளைகள், வெயில். மேனேஜர் பெயர் வீரராகவன். சிரித்த முகம். "பழவேற்காடா? நண்டு நல்லா இருக்குமே" என்றார். சிவகுமார் ஒரு பக்கம் லேப்டாப்போடு, நான் ஒரு பக்கம் பென் டிரைவோடு. அந்தப் பிளேயரும் நம் குடோன் பிளேயர் மாதிரிதான், வேகம் காட்டும், ஸ்கேல் காட்டாது.

அவன் முதலில் போட்டான். ஏ மைனர், 120. அழகான பாட்டு. தாளில் எழுதி வைத்தபடி நான் என் ஏ மைனரை எடுத்து, வேகத்தை ஒன்றாக்கி, அடிமேல் அடி வைத்து உள்ளே விட்டேன். அடி ஒரு மயிரிழை நகரவில்லை. பிறகு பாட்டின் அடிக்குரலான பேஸ் வந்தது.

பல் கூசுகிற மாதிரி இருந்தது. சிவகுமார் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். ஏ மைனர். அவன் பட்டியலிலும் ஏ மைனர். என் பாட்டின் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிட்டேன். சரி, ஏதோ ஒன்று தவறாக எழுதியிருப்பேன், அடுத்தது சரியாகும்.

அடுத்தது ஈ மைனர். அதே கூச்சம். அதற்கு அடுத்ததும்.

நாலாவது தடவை கை தவறிப் பென் டிரைவில் வேறு பாட்டைத் திறந்துவிட்டேன். உள்ளே போய்விட்டது. போனவுடன் அப்படியே உட்கார்ந்தது. பேஸின் மேல் பேஸ், வெண்ணெய் மாதிரி. சிவகுமார் கட்டை விரலைத் தூக்கினான். நான் என்ன பாட்டு என்று நோட்டைப் பார்த்தேன் — பி ஃப்ளாட் மைனர். அவனுடையது ஏ மைனர். தாளில் பார்த்தால் அதைவிடப் பொருந்தாத ஜோடி உலகத்தில் கிடையாது. ஐயோ தப்பு என்று நானே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'சரியான' பாட்டைப் போட்டேன்.

குளத்தில் இருந்த ஒரு அம்மா சப்ளையரைக் கூப்பிட்டுக் காதைக் காட்டி ஏதோ சொன்னார். வீரராகவன் சிவகுமாரிடம் வந்து குனிந்து பேசிவிட்டுப் போனார். சிரித்த முகம் அப்படியேதான் இருந்தது. சிவகுமார் என்னிடம், "நீ கொஞ்சம் உக்காரு பெனி. தண்ணி குடி" என்றான். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மிச்சம் எண்பது நிமிஷம் அவன் தனியாகப் போட்டான். நான் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணி குடித்தேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "ஸ்கேலெல்லாம் காதால புடிச்சதாச்சே பெனி, அதான்."

அதாவது என் காதுதான் தப்பு.

22 ஜூலை, செவ்வாய்

வேலைக்குப் போனேன். போன் எடுத்தேன்.

24 ஜூலை, வியாழன்

நான் படிப்பில் சுமார். பார்க்க சுமார். வாய் அதிகம். ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு இருக்கிறது என்று சின்ன வயதில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கேட்டால் போதும், வாசித்துவிடுவேன். ஐஸ் லாரி ஹார்ன் என்ன சுரம் என்று சொல்வேன். அதைச் சொல்லித்தான் காலேஜில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அதெல்லாம் என்ன, பொய்யா? இத்தனை வருஷம் ஊரும் நானும் சேர்ந்து என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தோமா?

27 ஜூலை, ஞாயிறு

பூசைக்கு வாசித்தேன். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் இது சரியா, இது சரியா. பிலோமினா அக்கா நடுவில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எது கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது நல்லது, பேச்சு முடிந்துவிடும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

சிவகுமார் மெசேஜ்: 'வேற ஒருத்தர ட்ரை பண்றாங்க. மனசுல வச்சுக்காத. நீ இன்னும் கொஞ்சம் ப்ராக்டீஸ் பண்ணு.'

இன்னும் கொஞ்சம். எதை?

9 ஆகஸ்ட், சனி

கேசவன் அண்ணனிடம் அந்தப் பழைய பிளேயர் இரண்டையும் பரண் மேல் போட்டுவிடச் சொன்னேன். "இன்னாத்துக்கு, நல்லாத்தானே ஓடுது" என்றார். ஓடுது அண்ணா, தூசி ஏறுது என்றேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை, ஏணியை எடுத்தார்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றத்துக்கு நாலு இடத்தில் பாக்ஸ். நாலு இடத்திலும் சரியாக ஓடியது. மாதா விண்ணேற்புப் பூசைக்கும் வாசித்தேன். ராத்திரி அம்மா, "இன்னாமே, பேயடிச்சவ மாதிரி கீற" என்றாள். கத்தினேன். ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளும் சாப்பிடவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அடுத்த மாதம் வருகிற மாதா திருவிழாவுக்காகக் குவைத்தில் இருக்கிற ஒரு குடும்பம் புதுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஃபாதர் பூசை முடிவில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். செவ்வாய்க்கிழமை வந்து பிரித்துப் பாரும்மா என்றார். எனக்கு எந்த ஆசையும் வரவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

கோவிலில் இருந்து நேராக வந்து எழுதுகிறேன்.

புதுசைப் பிரித்துப் பழசுக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டில் வைத்தேன். இரண்டையும் போட்டேன். எது சத்தம் கூட என்று பார்ப்பதற்காக இரண்டிலும் ஒரே கட்டையை, ஏ-வை, ஒன்றாக அழுத்தினேன்.

அதே கூச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே சத்தம். குளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

புதுசில் ஏ-வை விடாமல், பழசில் அடுத்த கட்டையான பி ஃப்ளாட்டை அழுத்தினேன். பொருந்தியது. எல்லாக் கட்டையும் அப்படியே. பழசு முழுக்க அரைக் கட்டை கீழே இருக்கிறது. அதில் நான் ஏ என்று கேட்டதெல்லாம் ஏ இல்லை. 612 பாட்டும் ஒன்றுக்கொன்று சரி, உலகத்துக்குத் தப்பு. தனியாகப் போட்டவரைக்கும், என் நோட்டை வைத்தே சிவகுமாரும் போட்டவரைக்கும், எப்படித் தெரியும்?

யார் இறக்கியது என்று ஒரு நொடி கோபம் வந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. நான்தான்.

2019. பிலோமினா அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன். மூன்று மாதம் கழித்துப் பாட வந்தார். வருகைப் பாட்டின் உச்சியில் குரல் எட்டவில்லை, உடைந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வாரமும். வேறு ஆள் பார்க்கலாமா என்று பாடகர் குழுவில் பேச ஆரம்பித்தார்கள். நான் ஒருவரிடமும் சொல்லாமல், எல்லாக் கட்டையின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி மைனஸ் ஒன்றில் வைத்து, அணைத்தாலும் மாறாதபடி மெமரியில் போட்டேன். அந்த வாரம் அக்கா பாடினார். கண்ணில் தண்ணி. 'மாதா என் தொண்டையத் திருப்பிக் குடுத்துட்டா' என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருஷத்தில் ஸ்கிரீன் செத்தது. நான் மறந்தே போனேன். மறந்துவிட்டு நோட்டைப் போட ஆரம்பித்தேன்.

இந்த மாதிரி ஒரு முட்டாளை மாதா எங்கே பார்த்திருப்பாள்.

27 ஆகஸ்ட், புதன்

சிவகுமாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோவில் கீபோர்டு, பட்டன், அக்கா, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். என் காது நல்லாத்தான் கீதுடா, காது தப்பு இல்ல, நோட்டுதான் தப்பு என்றேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "அப்போ அன்னைக்கு உனக்குக் கேக்கவே இல்லியா?" என்றான்.

"கேட்டுச்சு."

"மொதல்லேர்ந்தேவா?"

"ஹெட்போன்லயே கேட்டுச்சு. உள்ள வுடறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் வுட்ட?"

"நோட்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு."

"நடுவுல ஒண்ணு போட்ட பாரு, பி ஃப்ளாட்னு பயந்து எடுத்தியே. அது ஒண்ணுதான் பெனி அன்னைக்கு டிஜே போட்டது" என்றான். பிறகு, ஆள் எடுத்துவிட்டார்கள் என்றான். நல்ல பையனாம்.

நோட்டுதான் தப்பு என்று நேற்று ராத்திரி முழுக்க எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டான். அவன் மேல் தப்பில்லை. கேட்டதை நம்பியிருந்தால் ஒரே ஒரு பாட்டில் சரி செய்திருக்கலாம். எனக்குக் காது இருக்கிறது. அதை நம்புகிற தைரியம்தான் இல்லை. காது இல்லை என்பதைவிட இது கேவலம்.

28 ஆகஸ்ட், வியாழன்

நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினால்கூடப் போதும். அதுவும் எழுதவில்லை. நாற்பத்து மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். யாருக்காகத் திருத்துவது?

30 ஆகஸ்ட், சனி

திருவிழாக் கொடி ஏறியது. ஒன்பது நாளும் சாயங்கால நவநாள் ஜெபத்துக்குப் பழசிலேயே வாசிக்கச் சொன்னார் ஃபாதர். திருவிழாப் பூசைக்குத்தான் புதுசை மந்திரித்து ஆசீர்வதிப்பாராம்.

8 செப்டம்பர், திங்கள் — திருவிழா

உண்மையை எழுதுகிறேன். இதை வேறு எங்கும் சொல்லப்போவதில்லை.

பூசைக்கு முன் புதுக் கீபோர்டைப் போட்டேன். ஸ்கிரீனில் டிரான்ஸ்போஸ் 0 என்று பச்சையாக எரிந்தது. விரல் பட்டனுக்குப் போனது. ஒரே அழுத்து. அழுத்தியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பிலோமினா அக்கா புதுப் புடவையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்காகத்தானே என்று நினைத்தேன். இவங்க தொண்டைக்காகத்தானே நான் பிளாஸ்டிக் நாற்காலி பக்கத்துல உக்காந்து தண்ணி குடிச்சேன். ஒரு தடவ அவங்களுக்கும் தெரியட்டுமே.

விரலை எடுத்துவிட்டேன்.

மறக்கவில்லை. வேண்டுமென்றே எடுத்தேன்.

ஆயிரம் பேர். வெளியே பந்தல் வரைக்கும் கேசவன் அண்ணன் பாக்ஸ். வருகைப் பாட்டு. முதல் வரியிலேயே அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். பாடிக்கொண்டேதான் திரும்பினார். நான் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்குப் போனது, குரல் பிளந்தது. பந்தல் முழுக்க அது கேட்டது. இரண்டாவது அடியில் மறுபடி முயற்சி பண்ணினார். அப்போதும் ஒரே அழுத்து போதும், கை பக்கத்தில்தான் இருக்கிறது, நான் அழுத்தவில்லை. மூன்றாவது அடியில் மைக்கை விட்டுத் தள்ளி நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த ஜெசிந்தா, நர்சிங் படிக்கிற பெண், எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயசுக் குரல். தங்கு தடையில்லாமல் போனது.

அக்கா தேர் புறப்படும் வரைக்கும் நின்றார். பிறகு எங்கே போனார் என்று பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

என்னடி செய்தாய்.

14 செப்டம்பர், ஞாயிறு

அக்கா பூசைக்கு வரவில்லை. ஜெசிந்தா பாடினாள்.

20 செப்டம்பர், சனி

ஒரு வாரம் தள்ளிப் போட்டு இன்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். "வா மே" என்று பலகையைத் தள்ளினார். நானும் உட்கார்ந்து உரித்தேன். 

அவர்தான் ஆரம்பித்தார். "பழைய பொட்டில நீ அரைக் கட்ட எறக்கி வச்சிருந்த இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"பாடறவளுக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். மாதா குடுத்தான்னு ஊர்ல சொல்லிட்டேன், ஆனா யார் குடுத்தான்னு எனக்குத் தெரியும். ஆறு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் உனக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுத்தான் படுப்பேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"சொன்னா நீ சங்கடப்படுவ. எனக்கும் வெக்கம். நீ கண்டுக்காத மாதிரி இருந்த, நானும் கண்டுக்காத மாதிரி இருந்துட்டேன்."

ஆறு வருஷம். ஒரு வார்த்தை. ஜூன் மாதம், மூஞ்சி மினுமினுக்கிறதே என்று கேட்டாரே, அன்றைக்கு நான் என் நோட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால், அந்தப் பெட்டி இறங்கி இருக்குது மே என்று அவரே சொல்லியிருப்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஒரு இறாலை உரித்துப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார். "திருவிழா அன்னைக்கு எறக்க மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்க்கா."

"ம்." இன்னொரு இறாலை எடுத்தார். "புதுப் பொட்டி. மறக்கறதுதான்."

திட்டியிருக்கலாம். தெரிந்துகொண்டே கேட்டாரா, நம்பினாரா, இன்னும் தெரியவில்லை. நாளைக்கு வாங்கக்கா, இறக்கி வைக்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது உரித்த இறாலில் பாதியை வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். அம்மா குழம்பு வைத்தாள். நான் தொடவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

மைனஸ் ஒன்றில் வைத்தேன். அக்கா வரவில்லை. ஜெசிந்தா ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குக்கா மைனஸ் ஒண்ணு?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

இறக்கி வைத்தேன். வரவில்லை.

4 அக்டோபர், சனி

சிவகுமாரிடம் இருந்து மெசேஜ். அவனும் அந்தப் புதுப் பையனும் போடுகிறார்களாம், 124-இல் ஏ மைனரில் நல்லதாக இரண்டு பாட்டு வேண்டுமாம், உன்கிட்ட இல்லாததா என்று கேட்டிருந்தான். நோட்டில் பி ஃப்ளாட் பக்கத்தைத் திறந்து இரண்டு பெயர் அனுப்பினேன். 'செம' என்று பதில் வந்தது.

5 அக்டோபர், ஞாயிறு

இறக்கி வைத்தேன். வரவில்லை. ஜெசிந்தாவுக்கு அடி வரிகள் எட்டவில்லை, முனகுகிற மாதிரி இருந்தது. பூசை முடிந்து ஃபாதரே கேட்டார், பாட்டு ஏன்மா சோர்வா இருக்கு என்று.

12 அக்டோபர், ஞாயிறு

பூசைக்கு முன் ஜெசிந்தா கிட்டே வந்து, "அக்கா, எனக்கு ரொம்பக் கீழ கீது. கொஞ்சம் ஏத்திக் குடுங்கக்கா" என்றாள். பாவம், மூன்று வாரமாகக் கேட்கப் பயந்திருக்கிறாள். பெண்கள் பக்கம் பார்த்தேன். அக்கா இல்லை. பட்டனை அழுத்தினேன். 0.

பாட்டு நன்றாக இருந்தது. ஊர் தயங்காமல் பின்னாலேயே எடுத்தது. என் காதுக்கு நன்றாகவே கேட்டது, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தபோதுதான் பார்த்தேன். நான் ஏற்றிவிட்ட இன்றைக்குத்தான் பிலோமினா அக்கா வந்திருந்தார். தாமதமாக வந்திருக்க வேண்டும், கடைசித் தூணுக்குப் பின்னால், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்த பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாய் அசையவில்லை. என்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார்.